ஆறு மணிக்கு மாறும் சொல்

மலைமேல் இருந்த படை முகாமில் ஒரு சின்ன முருகன் கோயில். அங்கே பூஜை செய்யவும் வீரர்களுக்கு நல்ல வார்த்தை சொல்லவும் தாயுமானவன் என்று ஒரு சமய ஆசிரியர் இருந்தார். வயது முப்பதுதான். நாற்பதைத் தாண்டிய ஹவில்தார் இசக்கிமுத்து, மனசில் எது இருந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்.

அன்று சாயங்காலமும் வந்தார்.

"ட்ரோன் ஓட்டுற படிப்புக்குப் போறியான்னு கேக்கிறாங்க சாமி. மூணு மாசம். இன்னிக்கு ஏழு மணிக்குள்ள ஆபீஸ்ல சொல்லணும்."

"நல்லதுதானே அண்ணே?"

"பதினெட்டு வருஷமா பைனாகுலர்ல எல்லையைப் பாத்தவன் நான். அதோட, நான் பழக்கின பெஞ்சமினும் அதே வகுப்புக்கு வர்றான். அவன் பக்கத்துல உக்காந்து தப்புத் தப்பா பதில் சொன்னா, அப்புறம் யாரு என்னை உஸ்தாத்னு கூப்பிடுவா?"

படையில் பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆசிரியர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"கற்பூரம் தீர்ந்துபோச்சு. கீழே கடையில ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க. வந்ததும் பேசலாம்."

இசக்கிமுத்து திரும்பி வரும்போது ஆறு தாண்டிவிட்டது. மூடுபனியில் முகாமின் வாசலே சரியாகத் தெரியவில்லை.

"நில். யார் அது?" காவலுக்கு நின்ற பெஞ்சமினின் குரல்.

"நான்தாம்ப்பா."

"அடையாளச் சொல்?"

"பவழம்."

துப்பாக்கி உயர்ந்தது.

"கையைத் தூக்குங்க உஸ்தாத்."

காவல் தலைவர் வந்து முகம் பார்த்து உள்ளே விட்டார்.

கோயிலுக்கு வந்தபோது இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பத்து நிமிஷம் சாமி. கற்பூர டப்பாவோட கையைத் தூக்கிட்டு நின்னேன்."

"கோபமா அண்ணே?"

"எதுக்குக் கோபம்? என் குரல் அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் விடலை பாருங்க. நல்லா பழக்கியிருக்கேன்."

"நீங்க சொன்னது தப்பான சொல்லா?"

"நேத்து அதுதான் சரியான சொல். தினம் ஆறு மணிக்கு மாறும். புதுசு என்னன்னு நான் கேட்டுக்காமப் போயிட்டேன்."

சொன்னவர் சிரிப்பை நிறுத்தினார்.

ஆசிரியர் கற்பூரம் ஏற்றினார். இசக்கிமுத்து கண்ணில் ஒற்றிக்கொண்டு, முருகன் கையிலிருந்த வேலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மணி என்ன சாமி?"

"ஆறரை."

படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினார். ஒரு காலுக்கு நாடா கட்டியவர், அடுத்த காலில் கை வைத்தபடி நிமிர்ந்தார்.

"வகுப்புல நான் ஒண்ணும் தெரியாம முழிச்சா, பெஞ்சமின் என்ன சாமி நினைப்பான்?"

ஆசிரியர் குனிந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

"கையைத் தூக்கச் சொன்னப்போ உங்களை என்னன்னு கூப்பிட்டான் அண்ணே?"