மாதேஸ்வரனின் பதினோரு கடைகள்

ஈரோட்டில் கோகிலவாணி என்று ஒருவர் இருந்தார். கடைகளில் பாலும் தயிரும் அடுக்கி வைக்கிற கண்ணாடிக் குளிர்பெட்டிகளை மாதா மாதம் போய்ப் பார்த்துக்கொள்வது அவர் தொழில்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் கற்ற சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று. தறிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, பட்டறை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவர். சீடர் குருவை ‘அம்மணி’ என்பார். குரு சீடரை ‘அண்ணா’ என்பார். மரியாதை இரண்டு பக்கமும் சரியாகவே இருந்தது.

வேலையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பெட்டியின் அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே வரிவரியாக இருந்து சூட்டை வெளியேற்றுகிற கண்டன்சரில் படிந்த தூசைப் பிரஷால் தள்ள வேண்டும். தண்ணீர் வடியும் ஓட்டையில் அடைப்பு எடுக்க வேண்டும். கதவு ரப்பரைத் துடைக்க வேண்டும். அடுத்த மாதம் வந்து இதையே மறுபடியும் செய்ய வேண்டும். செய்தால் பெட்டி குளிரும். செய்யாவிட்டால் ஒரு நாள் தயிர் பொங்கும், பிறகு கடைக்காரர் பொங்குவார்.

சென்னியப்பனிடம் பதினோரு கடைகள் இருந்தன. அவருக்கு இரண்டு வருடம் பின்னால் வந்த மாதேஸ்வரனிடமும் பதினோரு கடைகள். ஆனால் மாதேஸ்வரன் கடைகளிலிருந்து ‘பெட்டி குளிரவில்லை’ என்று போனே வராது. சென்னியப்பனுக்கு மாதம் ஒன்றிரண்டு வந்துவிடும். வயிறு எரிய அது போதும்.

ஆனி மாதக் கடைசியில், பக்கத்து ஊரான கோபியில் பதினான்கு கடைகளின் வேலை புதிதாக வந்தது. அங்கே போகிறவர் தனியாகவே எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“கோபிக்கு யாருங்க அம்மணி?” என்று சென்னியப்பன் கேட்டார்.

“ஆடி பொறக்குதுங்ணா. ஆடியில புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க வேண்டாம். முடியட்டும், சொல்றேன்.”

பட்டறை மூடிய நாளிலிருந்து யாரும் சென்னியப்பனை நம்பி எதையும் தனியாக ஒப்படைத்ததில்லை. போதாக்குறைக்கு, கோபி தனக்குத்தான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அது மாதேஸ்வரனுக்குப் போய்விட்டால் அந்த வீட்டுப் படியை எப்படி மிதிப்பது என்று கவலையாக இருந்தது.

மாதேஸ்வரன் நல்லவராக வேறு இருந்து தொலைத்தார். “ஏனுங்ணா, ஒரு டீ சாப்ட்டுப் போலாங்களா?” என்று தினமும் கேட்பார். அந்த டீ சென்னியப்பனுக்கு இறங்கவே இல்லை.

‘இந்தாளு பெட்டி மட்டும் எப்படிக் கெடாம இருக்கும்? எங்கியோ குத்தம் இருக்கோணும்’ என்று நினைத்தார். நினைத்ததோடு விடவில்லை. ஆடி ஒன்பதாம் தேதி காலையில், மாதேஸ்வரன் பார்க்கிற சூரம்பட்டிக் கடைக்குப் போய் நின்றார்.

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க” என்று கடைக்காரரிடம் சொன்னார். அடித்தகட்டைக் கழற்றினார். கண்டன்சரில் மெல்லிசாகத் தூசு இருந்தது. அதற்கு அடியில் பழைய அழுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் பிரஷால் தள்ளினார். இல்லை. வடிகால் ஓட்டையில் விரலை விட்டார். ஒரு கொத்தமல்லிக் காம்பு வந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே ஓட்டையில் தண்ணீர் ஊற்றி, முழுசாக வடிகிறதா என்று பார்த்து, தகட்டை மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பிடித்த குற்றத்தைத் தன் கையாலேயே துடைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த கடையில் எதையும் தொடக் கூடாது, கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்று முடிவோடு போனார். கண் பார்த்தது. கை போய்த் துடைத்தது. இருபத்தைந்து வருடம் தறியில் தூசு துடைத்த கை அது. அதை என்ன சொல்லி நிறுத்துவது?

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் செல்போனில் படம் எடுத்தார். அப்புறம் துடைத்தார்.

ஆடி முழுவதும் இப்படியே போனது. அந்த மாதம் காற்று மண்ணை வாரி வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் மாதேஸ்வரனின் பதினோரு கடைகளையும் மூன்று சுற்று சுற்றி வந்தார். தன் கடைகளிலிருந்து போன் வந்தால், “நாளைக்கு வர்றனுங்க” என்றார். நாளைக்கும் மாதேஸ்வரன் கடையில்தான் வேலை இருந்தது.

ஆடி கடைசி நாள் காலையில் அவர் கோகிலவாணி முன்னால் போய் நின்றார்.

“அம்மணி, நான் யாரப் பத்தியும் குத்தம் சொல்றவன் இல்லீங்க.”

“சொல்லுங்ணா.”

“மாதேசு கடைங்களப் பாருங்க.” செல்போனை நீட்டினார். “எல்லாம் தூசு. இது சூரம்பட்டி. இது சம்பத் நகரு. இது வீரப்பன்சத்திரம்.”

கோகிலவாணி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இருபத்தேழு படங்கள் இருந்தன.

“தெளிவா எடுத்திருக்கீங்க” என்றார். “வாங்க, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துரலாம்.”

முதலில் சூரம்பட்டிக்குப் போனார்கள். கோகிலவாணி தரையில் உட்கார்ந்து தகட்டைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்தார். கண்டன்சர் பளிச்சென்று இருந்தது.

“படத்துல இருக்கிற தூசு எங்கீங்ணா?”

“அது… படம் எடுத்துட்டு நான் தொடச்சுட்டனுங்க.”

“சரி.”

சம்பத் நகர் போனார்கள். அங்கேயும் சுத்தமாக இருந்தது.

“இங்கயும் தொடச்சுட்டீங்களா?”

“ஆமாங்க அம்மணி.”

வீரப்பன்சத்திரத்தில் அவர் கேட்கவில்லை. சென்னியப்பனே சொன்னார்: “இங்க நேத்துதானுங்க தொடச்சேன்.”

“இங்கிருந்து பெருந்துறை ரோட்டுக் கடைக்குப் போலாம்” என்றார் கோகிலவாணி.

அது சென்னியப்பனின் கடை. வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “அங்க எதுக்குங்க அம்மணி?” என்று மட்டும் கேட்டார். கோகிலவாணி வண்டியைக் கிளப்பினார்.

கடைக்காரர் ஈஸ்வரமூர்த்தி இவர்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். கையில் ஒரு தயிர் டப்பா. மூடி உப்பிக்கொண்டு நின்றது.

“மூணு நாளா இப்படித்தானுங்க. போன் பண்ணுனா நாளைக்குங்கறாரு. நேத்து ஒரு அம்மா கொழந்தைக்கு வாங்கிட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டுப் போறாங்க. நான் என்ன பதில் சொல்றதுங்க?”

கோகிலவாணி தகட்டில் கை வைக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைச் சென்னியப்பனிடம் கொடுத்தார்.

சென்னியப்பன் கழற்றினார். உள்ளே கண்டன்சரே தெரியவில்லை. தூசு ஒரு கம்பளி மாதிரி மூடியிருந்தது. வடிகாலில் போக வழியில்லாமல் தண்ணீர் தேங்கி நாறியது. உள்ளே ஃபேன் திணறித் திணறிச் சுற்றியது.

அவர் அவமானத்தில் குறுகிப் போனார். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குனிந்தார். தூசைப் பிரஷால் தள்ளி, முறத்தில் வாரினார். இரண்டு முறம் வந்தது. அடைப்பை எடுத்தார். ரப்பரைத் துடைத்தார். கோகிலவாணி பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிய ஒரு மணி நேரம் ஆனது. ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி சீராக ஓட ஆரம்பித்தது. ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கோகிலவாணி ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தகட்டை மாட்ட ஆரம்பித்தார். சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கேட்டார்.

“கோபிக்கு யாருங்க அம்மணி?”

“மாதேசண்ணன்.”

சென்னியப்பனுக்குச் சம்பந்தி வீட்டு வாசல் கண் முன்னால் வந்தது. தூசையெல்லாம் படம் பிடித்துக் கொடுத்த பிறகுமா?

“அந்தப் படத்தையெல்லாம் பாத்தீங்கல்லங்க?”

“பாத்தனுங்ணா. அது புதுசா விழுந்த தூசு. ஆடியில அவ்வளவு விழுகத்தான் செய்யும்.”

சென்னியப்பன் பிரஷில் ஒட்டிய தூசைத் தட்டினார். பிறகு கேட்டார்:

“அப்ப மாதேசு கடைங்க பதினொண்ணும்?”

“அத நீங்களே வெச்சுக்குங்க. ஒரு மாசமா நீங்கதான பாத்துட்டு இருக்கீங்க.”

அவருக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. போனே வராத கடைகள். இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்த கடைகள். அவை இனி அவருடையவை. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இன்னொன்று தோன்றிவிட்டது.

“என்ர கடைங்களுங்க அம்மணி?”

கோகிலவாணி தகட்டின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு எழுந்தார்.

“அதுக்குத்தான் ஒரு ஆளு பாக்கோணுங்ணா. ஆடி பூரா ஆளில்லாமக் கெடக்குது.”