முத்தாரு குடியிருந்த தோல்

வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உடும்பு மனிதர்களோடு வீட்டுக்குள் குடியிருந்தது. தென்கடல் ஓரத்துத் தேரிக்காட்டில் வீட்டுக்கு ஒரு உடும்பு உண்டு. தேரி என்றால் செம்மணல். இன்றைக்கு இங்கே மேடாக இருக்கும், ஆடிக்காற்று அடித்தால் நாளைக்கு அடுத்த ஊரில் மேடாக இருக்கும். அந்த மணலில் தூண் நட்டு வீடு கட்டுவதும் ஓடுகிற மாட்டின் முதுகில் பானை வைப்பதும் ஒன்றுதான். அதனால் மனிதர்கள் உடும்பிடம் போய் நின்றார்கள்.

"எங்க வீட்டு நடுத்தூணை நீ பிடிச்சுக்கிடு. ஒனக்குத் திங்கிறதுக்கு நாங்க தாரோம்."

உடும்பு சரி என்றது. காற்று மாதங்களில் அது தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டால் வீடு அசையாது. உடும்புப் பிடி என்று இன்றைக்கும் சொல்கிறோமே, சும்மாவா சொல்கிறோம்?

அப்போது அது இறைச்சியைத் தொடாது. முருங்கைக் கீரை, செம்பருத்திப் பூ, பூசணிப் பூ, அவ்வளவுதான். எலும்பு உறுதியாக இருக்கக் கீரையில் கொஞ்சம் சிப்பிப் பொடி தூவ வேண்டும். காலையில் நன்றாக வெயில் காயவிட வேண்டும். தோல் உரிக்கிற காலம் வந்தால் உடம்பு வெளிறும், சாப்பாட்டில் மனம் போகாது, கண் உப்பும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் கிடத்திவிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் அதுவே சட்டையைக் கழற்றுவதுபோலத் தோலைக் கழற்றிவிடும். மூக்கிலிருந்து வால் நுனிவரை கிழியாத ஒரே தோல். நகத்துக்கு உறை, கண்ணுக்கு மேல் இருந்த மெல்லிய மூடி, எல்லாமே அதில் இருக்கும்.

உடும்பு கேட்டது ஒன்றே ஒன்றுதான். உரித்த தோலை உச்சிப்பொழுதுக்கு முன்னால் தொண்டையிலிருந்து வயிறுவரை கிழித்துவிட வேண்டும்.

"எதுக்குக் கிழிக்கணும்?" என்று கேட்டதற்கு அது சொன்னது: "ஆள் இல்லாத வீட்டைத் தொறந்து போட்டா எவனாவது வந்து படுத்துக்கிட மாட்டானா?"

எனக்கென்றால் அந்த இடத்திலேயே முதுகு சில்லிட்டிருக்கும். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கீரை பறிக்கப் போனார்கள்.

ஆவுடை என்பவள் வீட்டு உடும்புக்கு மூக்கன் என்று பேர். அவள் புருஷன் மாசானம் கடற்கரையில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறவன். மாசானமும் மூக்கனும் ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்தவர்கள். அதனால் மூக்கனுக்கு அவன் அண்ணாச்சி, இவள் மைனி. அவர்களுடைய ஒரே மகள் முத்தாருவுக்கு ஏழு வயது. அவளுக்கு மூக்கன் சித்தப்பா. தோலைக் கிழிப்பது அந்த வீட்டில் அவள் வேலை. "சித்தப்பா, ஒன்னக் கிழிக்கப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் பிடித்து இழுப்பாள். மூக்கன் தனக்கே வலிக்கிறது மாதிரி முனகுவான். அவள் இன்னும் சிரிப்பாள்.

மாசி மாதத்தில் முத்தாருவுக்கு அம்மை போட்டது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். மணலில்தான் புதைத்தார்கள், அங்கே வேறு நிலம் ஏது? மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனால் இடத்தையே காணோம். காற்று மேட்டை நகர்த்திவிட்டது. ஆவுடை பால் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை நடந்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சிவப்பு. பாலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தாள். பெற்ற பிள்ளைக்காக உட்கார்ந்து அழ ஒரு இடம்கூட இல்லாமல் போவது கொடுமை. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் மூக்கன் தோல் உரித்தான். உரித்த களைப்பில் வெயில் காயப் போய்விட்டான். மாசானம் சூளையில் இருந்தான். தோல் அடுப்பங்கரையில் கிடந்தது, கிழிக்கிறவள் இல்லை. ஆவுடை அதைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் மகளின் கை ஞாபகம் வந்தது. மடியில் தோலைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது உச்சிக்கு வந்தது. காற்று நின்றது. வெளியே ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மடியில் கிடந்த தோலின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

"யம்மா, தண்ணி தா."

ஆவுடை தோலைக் கீழே போடவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பயமாக இருக்கிற இடம் இதுதான். நானாக இருந்தால் உதறிவிட்டு ஓடியிருப்பேன். அவள் செம்பை எடுத்து அந்த வாயில் தண்ணீர் விட்டாள். தொண்டை அசைந்தது. கண் மூடிகள் இரண்டும் அவள் பக்கம் திரும்பின. அவற்றுக்குப் பின்னால் கண் இல்லை, தோலின் வெறும் உட்புறம்தான் தெரிந்தது.

"இத்தன நாளும் எங்கட்டி இருந்த?"

"மணலுக்குள்ளதான். மேல ஆரோ நடந்தாங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீதானாம்மா அது?"

"நான்தாம் பிள்ளே. பாலு கொண்டாந்தேன். எனக்குக் கேக்கலியே."

உச்சி தாண்டியதும் குரல் நின்றது. தோல் மட்டும் தளராமல், உள்ளே ஆள் இருப்பது மாதிரி புடைத்தே கிடந்தது. ஆவுடை அதை நெல் கொட்டிவைக்கிற மண் குலுக்கைக்குள் இறக்கி மூடியைப் போட்டாள்.

மூக்கன் திரும்பி வந்து கேட்டான். "மைனி, தோலைக் கிழிச்சாச்சா?"

"கிழிச்சாச்சு" என்றாள்.

அதன்பிறகு தினமும் உச்சிப்பொழுதில் முத்தாரு பேசினாள். ஒருநாள் மாசானம் அந்த நேரத்துக்குச் சோறு தின்ன வந்தான். குலுக்கைக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. அவன் மகள் சிப்பி அடுக்கும்போது முணுமுணுக்கிற பாட்டு அது. அவன் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை, பெண்டாட்டியைப் பார்க்கவும் இல்லை. தின்று முடித்துக் கை கழுவிவிட்டுப் போனான். மறுநாள் கருப்பட்டி மிட்டாய் இரண்டைக் கொண்டுவந்து குலுக்கை மூடிமேல் வைத்தான். பிறகு உச்சி நேரத்தில் அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பத்து நாள் போனது.

"யம்மா, இறுக்குது."

தோல் காய ஆரம்பித்திருந்தது. ஆவுடை நல்லெண்ணெய் தடவினாள், ஈரத்துணி சுற்றினாள். ஒன்றும் எடுபடவில்லை. நாளுக்கு நாள் அது சுருங்கியது, உள்ளே பிள்ளை ஒடுங்கினாள். வேறு தோல் வேண்டும். மூக்கன் அடுத்த தோல் உரிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். வேகமாக வளர்ந்தால் வேகமாக உரிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. கீரை வைப்பதை நிறுத்தினாள். கோழிமுட்டையும் நெத்திலிக் கருவாடும் வைத்தாள்.

மூக்கன் முகர்ந்து பார்த்தான். "இது நம்ம வயித்துக்கு ஆவாதே மைனி."

"ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாவ. தின்னு கொழுந்தா."

"மைனி வச்சா தின்ன வேண்டியதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அவள் கையிலிருந்து அதுவரை கெட்டது எதுவும் அவனுக்கு வந்ததில்லை, பாவம்.

மூக்கன் ஊதினான். வெயில் காயப் போக உடம்பு வணங்கவில்லை. கீரை இல்லாததால் சிப்பிப் பொடியும் இல்லாமல் போயிற்று. ஒரே மாதத்தில் தோல் உரிந்தது. ஆவுடை அதையும் கிழிக்கவில்லை. உச்சிப்பொழுதில் பழைய தோலின் வாயோடு புதுத் தோலின் வாயை வைத்தாள். பழையது தட்டையாகச் சரிந்தது, புதியது நிமிர்ந்தது. "நல்லாருக்கும்மா" என்றாள் முத்தாரு. அந்த ஒரு வார்த்தைக்காக ஆவுடை எதையும் செய்திருப்பாள், செய்யவும் செய்தாள்.

மூக்கனின் முன்கால்கள் வளைய ஆரம்பித்தன. தாடை மெத்தென்று ஆனது. தூணைப் பிடித்தால் பிடி வழுக்கியது.

"இவன் காலு என்ன இப்படி வளையுது? என்னத்தட்டி குடுக்க?" என்று மாசானம் கேட்டான்.

"கீரதான்."

அவன் குலுக்கையை ஒருதரம் பார்த்தான். அதற்குமேல் கேட்கவில்லை.

நோயாளியின் தோல் எத்தனை நாள் தாங்கும்? ஆறாம் நாளே, "மூச்சு முட்டுதும்மா" என்றாள் முத்தாரு. குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. அடுத்த தோல் வரட்டும், வரட்டும் என்று ஆவுடை காத்துக் கிடந்தாள். ஒருநாள் காலையில் மூக்கனின் முதுகு லேசாக வெளிறியிருந்தது. கண் உப்பவில்லை, நாளும் ஆகவில்லை. அவள் தொட்டியில் சூடாகவே தண்ணீர் ஊற்றி அவனை அதில் அமுக்கிவைத்தாள். வெயில் ஏறியதும் தூக்கி வந்து கழுத்தில் தோலைப் பிடித்தாள்.

"பழுக்கல மைனி. இன்னும் பழுக்கல. ரெண்டே நாள் பொறு."

"அவளால பொறுக்க முடியாது."

"ஆரால?"

ஆவுடை இழுத்தாள். மூக்கன் நடுத்தூணைக் கட்டிக்கொண்டான். ஆடிக்காற்றை நிறுத்துகிற பிடிதான், ஆனால் வளைந்துபோன காலில் எவ்வளவு நேரம் நிற்கும்? தோல் வந்தது. வரக்கூடாத இடங்களில் ரத்தத்தோடு வந்தது. அவனுக்குப் பல் இருந்தது, கடித்திருக்கலாம். கடிக்கவில்லை. "மைனி, மைனி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வருகிறது. மணலுக்குள்ளிருந்து கூப்பிட்ட பிள்ளையை நினைத்தால் அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றும் தெரியவில்லை.

உச்சி ஆனது. ஈரத் தோலைக் குலுக்கைக்குள் இறக்கி வாயோடு வாய் வைத்தாள். பழையது சரிந்தது, புதியது நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் அலறியது.

"யம்மா, எரியுது! ஒடம்பெல்லாம் எரியுது!"

தானாக உரிந்த தோல் உடும்பை மறந்துவிடும். பிடுங்கிய தோல் மறக்கவில்லை. மூக்கனின் வலி முழுவதையும் அது கூடவே கொண்டுவந்திருந்தது. பிள்ளை போய் அந்த வலிக்குள் மாட்டிக்கொண்டாள்.

தூணடியில் கிடந்த மூக்கன் அந்தக் குரலைக் கேட்டான். தன் தோலுக்குள்ளிருந்து முத்தாரு அழுகிறாள். முட்டை எதற்கு, கருவாடு எதற்கு, கிழிச்சாச்சு என்றது எதற்கு என்று எல்லாம் அவனுக்கு விளங்கிவிட்டது. வயிற்றால் நகர்ந்து வந்தான். தரையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. குலுக்கையின் விளிம்பில் ஏறித் தலையை உள்ளே விட்டான்.

"முத்தாரு?"

"சித்தப்பா, கிழிச்சு விடு. எனக்குப் போணும்."

ஆவுடை குலுக்கையைக் கட்டிக்கொண்டாள். "போவாத பிள்ளே. எண்ணெய் போடுதேன். நல்ல தோலா எடுத்துத் தாரேன்."

"வேண்டாம்மா. வலிக்குதும்மா."

மூக்கன் அவளைப் பார்த்தான். "மைனி, நீ கிழிக்கியா, நான் கிழிக்கட்டா?"

ஆவுடை உள்ளே கையை விட்டுத் தோலின் தொண்டையைப் பிடித்தாள். அது துடித்துக்கொண்டிருந்தது. விரல் அதற்குமேல் மடங்கவில்லை. கையை வெளியே எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு எட்டுத் தள்ளி நின்றாள்.

இலையையும் பூவையும் தவிர எதையும் கடித்துக் கிழித்திராத மூக்கன் கடித்தான். தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரே இழுப்பாக இழுத்தான்.

"யம்மா, காத்து வருது" என்றாள் முத்தாரு. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மூக்கன் அதோடு நிறுத்தவில்லை. அந்த வீட்டில் ஊசி இருந்தது, நூல் இருந்தது. மைனியைப் பற்றி அவனுக்குத் தெரியும். குலுக்கைக்குள் கிடந்த பழைய தோல்களையும் சேர்த்துத் தைக்க முடியாதபடி துண்டு துண்டாகக் கிழித்தான். கிழித்ததை ரத்தத்தோடு விழுங்கினான். காய்ந்த ஓரம் ஒன்று அறுத்து நாக்கு நுனி இரண்டாகப் பிளந்தது.

"எங்க போனா? சொல்லு கொழுந்தா, என் பிள்ள எங்க போனா?"

மூக்கன் வாயைத் திறந்தான். சீறல் மட்டும்தான் வந்தது. அவள் காலைத் தொடாமல் விலகி வாசலைத் தாண்டி மணலில் இறங்கிப் போனான். பொழுது சாய்வதற்குள் தேரிக்காட்டு உடும்புகள் எல்லாமே அவனுடைய ரத்தத் தடத்தைக் கண்டு தூண்களை விட்டு இறங்கி அவன் போன வழியில் போயின. யாருக்கும் தடுக்க மனம் வரவில்லை.

உடும்பு வீட்டை விட்டதும், பேச்சு போனதும், கீரையை விட்டு முட்டையும் மீனுமாகத் தின்னத் தொடங்கியதும் அந்த உச்சிப்பொழுதுக்குப் பிறகுதான். தோல் பழுத்தால் அது இப்போது மனிதரிடம் வருவதில்லை. கல்லில் உரசி, இன்றைக்கு முதுகில் ஒரு துண்டு, நாலு நாள் கழித்துக் காலில் ஒரு துண்டு என்று கிழித்துக் கிழித்தே உரிக்கிறது. ஒரு பிள்ளை நுழைகிற அளவுக்கு எங்கேயும் முழுத்தோல் விட்டுவைப்பதில்லை. ஆவுடை சாகிறவரை அந்தத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, உச்சிவெயிலில் நின்று ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த தேரிக்காட்டுப் பெண்கள் வழியில் உடும்புத் தோல் கண்டால் குனிந்து எடுத்துக் காதில் வைக்கிறார்களே, அது அவளிடமிருந்து வந்த வழக்கம். ஒன்றும் கேட்காது. பிள்ளைக்கு வலியில்லை என்று சொல்லித் துண்டைக் காற்றில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.