அறவாழி கொடுத்த சிரப்

பேரன் உடம்பை முதலில் கெடுத்தவன் மருந்துக்கடை அறவாழிதான். சீரங்கன் அதை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

மலையடிவார மடத்தில் சாமிக்குச் சீடராகி, அன்னதானப் பந்தியில் பரிமாறும் வேலையை ஏற்ற பிறகும் அந்த நெருப்பு அணையவில்லை. பேரன் மாறன் மூக்கை உறிஞ்சினால் போதும், அறவாழி ஆன்டிபயாடிக் சிரப்பை நீட்டுவான். வெறும் சளிக்கும் அதுதான். அழுகை நின்றதும் நிறுத்திவிடுங்கள், பாக்கி மருந்து அடுத்த தடவைக்கு ஆகும் என்பான். பிறகு ஒருநாள் பிள்ளைக்கு நிஜமாகவே காதில் சீழ் பிடித்தது. அதே சிரப்பை ஊற்றினார்கள். காய்ச்சல் அசையவில்லை. சீழ் காதுக்குப் பின்னால் எலும்புவரை போய், பெரியாஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். உயிர் தங்கியது. அந்தக் காது கேட்காமலே போய்விட்டது.

அந்த அறவாழி ஒரு பௌர்ணமியன்று பேத்தியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் வந்து உட்கார்ந்தான். குழந்தைக்கு என்ன என்று பக்கத்து இலைக்காரர் கேட்கப்போக, பெருமையாக அளந்தான். காதுவலியாம். டாக்டர் விளக்குப் பிடித்துக் காதுக்குள் பார்த்தாராம். நாலு வயசுப் பிள்ளை, லேசான காய்ச்சல், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம். குறையாவிட்டால் ஆன்டிபயாடிக் தருகிறேன், தந்தால் சொன்ன நாள்வரை கொடுக்கணும் என்றாராம். தானே குறைந்துவிட்டதாம்.

"எனக்கு இது தெரியாதா? தேவையில்லாமக் கொடுத்துப் பழக்கினா, தேவைப்படும்போது அது வேலை செய்யாது" என்றான்.

சீரங்கன் சாம்பார் வாளியைத் தரையில் வைத்தார்.

"தெரிஞ்சுதான் என் பேரனுக்குக் கொடுத்தியாடா?"

"உங்க மருமக அழுதுகிட்டு நின்னா. எதையாவது கொடுத்து அனுப்பணும்ல அண்ணே."

சீரங்கன் கத்திய கத்தலில் மண்டபம் அதிர்ந்தது. அவன் அப்பன் பாட்டன்வரை இழுத்தார். அறவாழி இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்து இலைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அண்ணனுக்கு இன்னிக்கு யார் மேல கோபமோ, என் மேல இறக்குறாரு. நீங்க ரசம் வாங்குங்க."

பந்தியே சிரித்தது. அவன் மோர்வரை சாப்பிட்டுவிட்டு, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

சீரங்கன் நேரே சாமியிடம் போய் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லணும் சாமி. வேற எதுவும் வேண்டாம். அது எனக்குச் சேர வேண்டியது இல்லையா?"

"சேர வேண்டியதுதான்" என்றார் சாமி. "விட்டுடுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் ஏன் அவனுக்கு உறைக்கலை? இவ்வளவு கத்தினேனே."

வெளியே அறவாழி வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"விடியக்காலைல பால்காரனைத் திட்டினே. அப்புறம் செருப்பை மாத்திப் போட்டவனை. இலை கிழிஞ்சதுக்கு இலை போட்டவனை. எல்லாத்துக்கும் இதே குரல்தான். இவனுக்குன்னு எந்தக் குரலை மிச்சம் வச்சிருந்தே?"

சீரங்கன் வாசலை எட்டிப் பார்த்தார். தப்பென்று சொல்ல வேண்டியவன் சொல்லாமலே போய்விட்டான்.