உண்ட பிறகு ஒரு கணக்கு

மணவூரை ஆண்ட கடம்பராயர் ஒருநாள் கடுங்கோபத்தில் இருந்தார். அரண்மனைப் பள்ளியில் முப்பது பிள்ளைகள் கணக்குத் தேர்வு எழுதி, இருபத்தாறு பேர் தோற்றிருந்தார்கள்.

"ஆசிரியர் இளநாகரை ஊரைவிட்டே அனுப்புங்கள்" என்றார்.

பழி தன்மேல் விழாமல் ஆசிரியர்மேல் விழுவதைத்தான் மந்திரி மாறவேளும் எதிர்பார்த்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன்பு, காலையில் ஆலோசனை நடத்த இடம் வேண்டுமென்று பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு, கணக்கு வகுப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளியவர் அவரே.

அவையில் இருந்த விகடகவி வெண்காடனுக்கு இது தெரியும். நிறைமாத மனைவியோடு இளநாகர் எங்கே போவார் என்று அவன் கவலைப்பட்டான். எழுந்து பேசினான்.

"அரசே, தண்டனைக்கு முன் தாங்களே ஒருமுறை விசாரிக்க வேண்டும். வகுப்பு நடக்கும் அதே மதிய நேரத்தில்."

"சரி, இன்றைக்கே வைத்துக்கொள்வோம்."

அன்று சமையல்காரர் பூசணிக்காய் மோர்க்குழம்பும் பால்பாயசமும் செய்திருந்தார். அரசர் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினார். மந்திரி மூன்று முறை.

பிறகு அவை கூடியது. வெண்காடன் நிதானமாக ஆரம்பித்தான்.

"ஒரு தோப்பில் ஏழு வரிசை. வரிசைக்குப் பதினெட்டுத் தென்னை. காற்றில் ஒன்பது விழுந்துவிட்டன. மீதி எத்தனை?"

மந்திரியிடமிருந்து குறட்டை வந்தது. அரசர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "விழுந்ததை அடுப்புக்கு வெட்டிப் போடுங்கள்."

"உத்தரவு, அரசே" என்று வெண்காடன் எழுதிக்கொண்டான். "விசாரணையை நாளைக் காலை தொடரலாமா?"

அரசரிடமிருந்தும் குறட்டைதான் வந்தது. அவை கலைந்தது.

மறுநாள் காலை அதே கணக்கைக் கேட்டான்.

"நூற்றுப் பதினேழு" என்றார் அரசர் உடனே. "இதையா நேற்றும் கேட்டாய்?"

"ஆமாம், அரசே. நேற்று மதியம் வராத கணக்கு இன்று காலை வந்துவிட்டது. நடுவில் தங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யாரென்று சொன்னால், இளநாகரை அனுப்பிவிட்டு அவரையே பள்ளியில் வைத்துக்கொள்ளலாம்."

அரசர் தோள் குலுங்கச் சிரித்தார். இளநாகர் ஊரிலேயே இருந்தார். கணக்கு வகுப்பு காலைக்கு வந்தது. மந்திரியின் ஆலோசனை மதியத்துக்குப் போனது. அந்த ஆலோசனையில் எந்த வித்தியாசமும் யாருக்கும் தெரியவில்லை.