பூவாத்தாவின் பஞ்சுச் சட்டை

மலையடிவாரக் காட்டில், ஆற்றோரத்து வளை ஒன்றில் பூவாத்தா என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். தையலில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஊசிக்கு எங்கே போவாள் என்று கேட்காதீர்கள். முதுகு முழுக்க ஊசிதான். உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து அடியில் துளை போட்டால் ஆயிற்று.

துணிக்கும் பஞ்சமில்லை. மேலே படித்துறையில் பரிகாரத்துக்கு முங்குகிற மனிதர்கள், உடுத்தி வந்ததை ஆற்றோடு விட்டுவிட்டு, தோஷம் தொலைந்ததென்று வீட்டுக்குப் போவார்கள். வேட்டியும் சேலையும் பேன்ட்டும் மிதந்து வந்து பூவாத்தாவின் வாசலிலிருந்த மருதமர வேரில் மாட்டிக்கொள்ளும். எவன் சனி எதில் ஒட்டியிருக்கிறதோ, அதையெல்லாம் அவள் பார்ப்பதில்லை. அலசிக் காயப்போடுவாள்.

பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, அடியை மூடித் தைத்து, இடுப்புப் பட்டியைப் பிடியாக வைத்தால் பை. குரங்குகள் அதில்தான் மாங்காய் சுமந்தன. சட்டைப் பாக்கெட்டைப் பிரித்து, வாயில் கயிறு கோத்தால் அணிலுக்குச் சுருக்குப்பை. பழைய நூல்சேலையை மடித்து ஓட்டுத்தையல் போட்டால் கீரிக்குட்டிகளுக்கு மெத்தை. காது கிழிந்த யானை ஒன்று வந்து பூப்போட்ட சீட்டித் துணியில் ஒட்டுப் போட்டுக்கொண்டு போனதாகவும் பேச்சு உண்டு.

இத்தனை பேர் வந்து என்ன? வளைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. எல்லோரும் அந்தக் கல்லோடு சரி. “அங்கேயே வச்சிரு அக்கா, நாங்க எடுத்துக்கறோம்” என்பார்கள். அவள் கல்மேல் வைத்துவிட்டுப் பின்வாங்குவாள். அவர்கள் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். முள் பயம். மழைக்காலத்தில் மற்ற வளைகளில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கிடந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்போது பூவாத்தா தைத்ததையே பிரித்து மறுபடி தைப்பாள். கைக்கு ஏதாவது வேண்டுமே.

அப்படியொரு மழையில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கம்பளித் துண்டு, ஜீன்ஸ் துண்டு, நடுவே இலவம்பஞ்சு என்று அடுக்கித் தனக்கே ஒரு சட்டை தைத்தாள். முள்ளையெல்லாம் முதுகோடு படிய அழுத்தி, வயிற்றுக்கடியில் இரட்டை நூலால் இறுக்கி முடிந்தாள். மூச்சு முட்டியது. முட்டட்டும் என்று இருந்துவிட்டாள்.

கல்லைத் தாண்டி முதலில் வந்தவள் ராக்கு என்கிற முயல். மூக்கால் தொட்டுப் பார்த்தாள். குத்தவில்லை. பிறகு அணில் வந்தது, கீரிக் குடும்பமும் வந்தது. எல்லோரும் பூவாத்தாமேல் சாய்ந்துகொண்டு ஊர்வம்பு பேசினார்கள். அவள் அசையக்கூட இல்லை. அசைந்தால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம்.

ஒரு மழை மாலையில் அந்த வாசலில் சிறுத்தை வந்து நின்றது. அணிலும் கீரிகளும் தலைதெறிக்க ஓடிவிட்டார்கள். ராக்கு மட்டும் ஓட வழியில்லாமல் பூவாத்தாவின் வயிற்றோரம் ஒடுங்கினாள்.

“உன் பக்கம் வரவே எங்கப்பன் நடுங்குவான்,” என்றது சிறுத்தை. “நீ என்னடான்னா பஞ்சுமூட்டையா உட்கார்ந்திருக்கியே, தாயி.”

பூவாத்தா முள்ளைச் சிலிர்த்தாள். சட்டை நெகிழவில்லை. மறுபடி முக்கினாள். ஒரு நூல்கூடத் தெறிக்கவில்லை. அவள் போட்ட தையலாயிற்றே!

“ராக்கு, கீழே முடிச்சு இருக்கு. கடிடி.”

“கடிச்சா உள்ள இருக்கிறது என்னைக் குத்துமேக்கா.”

“குத்தும்” என்றாள் பூவாத்தா. அதற்கப்புறம் யாரும் வந்து சாயமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ராக்கு கடித்தாள். சட்டை வெடித்தது. ஆற்றின் அக்கரை வரைக்கும் பஞ்சு பறந்தது. மூக்கு நிறைய முள்ளோடு ஓடிய சிறுத்தை, மலைக்கு அந்தப் பக்கம் இன்னமும் தும்முகிறதாம். ராக்குவின் காதிலும் ஒரு முள் ஏறியிருந்தது. அவள் அதோடே போய்விட்டாள்.

மறுபடி வெள்ளைக் கல். மறுபடி “அங்கேயே வச்சிரு அக்கா.” கிழிந்த சட்டையைக்கூட யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைத் தேடிப் பார்க்கவும் பூவாத்தாவுக்கு மனமில்லை. மருதவேரில் புதுத்துணி வந்து சிக்கியது. அவள் எடுக்கவில்லை. அது அங்கேயே கிடந்து நைந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு பொழுதில், கல்லருகே ஒரு மூட்டை நடந்து வந்தது. மூட்டைக்கு இரண்டு காது இருந்தது. ஒரு காதில் ஓட்டை.

“நில்லு, குத்தும்” என்றாள் பூவாத்தா.

“அதுக்குத்தானே இதை மாட்டிட்டு வந்திருக்கேன்,” என்றாள் ராக்கு. “நீ போட்டா உனக்கு மூச்சு முட்டுது. இனிமே வர்றவங்க போட்டுக்கறோம்.”

காதில் ஏறிய முள்ளையே பிடுங்கி, கிழிந்த சட்டையைத் தன் அளவுக்குத் தைத்திருந்தாள். தையல் கள் குடித்தவன் நடைபோல் எங்கெங்கோ போயிருந்தது. பிரித்துத் தைக்கப் பூவாத்தாவுக்குக் கை துறுதுறுத்தது. பிரிக்கவில்லை.

மற்றவர்கள் கல்லோடுதான் நின்றார்கள். ராக்கு மட்டும் கல்லைத் தாண்டி வந்து, முள்மேல் மெல்லச் சாய்ந்தாள்.

பிறர் நெருங்கவேண்டும் என்று தன் முள்ளை மூடிக்கொள்பவருக்குக் காவலும் போகும், துணையும் நிலைக்காது; முள் இருப்பது தெரிந்தும் அதற்கேற்பச் சட்டை தைத்துக்கொண்டு வருகிறவரே உண்மையான துணை.