குறுக்கே நின்ற கொப்பு

வேதநாயகத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த சகாயமலர் டீச்சருக்கு முப்பத்தாறு. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் ஊரில் உண்டு. வேதநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சர்வேயராக முப்பது வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர் அவர். வரப்புத் தகராறுகளில் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்?

அவருடைய வருத்தம் வேறு. இரண்டு வருடமாக அவர் கொண்டுபோய்க் காட்டிய எந்தப் படத்தையும் டீச்சர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. குறையும் சொல்லமாட்டார். பார்ப்பார், கேமராவைத் திருப்பிக் கொடுப்பார். "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்பார். அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே வேதநாயகத்துக்குப் பசி செத்துவிடும்.

செம்மணல் மேடாக விரிந்த தேரியின் ஓரத்தில் ஓர் உடைமரம் தனியாக நின்றது. குடையாக விரிந்த மரம். அதில் இலையைவிட முள்தான் அதிகம். ஒவ்வொரு முள்ளும் விரல் நீளம், சுண்ணாம்பு வெள்ளை. ஆடுகள்கூட உதிர்ந்த காயைத் தின்றுவிட்டு மரியாதையாக நகர்ந்துவிடும். அந்த மரத்தை ஒரு தடவையாவது சரியாக எடுத்துவிட வேண்டும் என்று வேதநாயகத்துக்கு வெறியே பிடித்திருந்தது.

"டீச்சர், அந்த முள்ளோட கோவம் படத்துல வரமாட்டேங்குது. என்ன செய்யணும்?"

"மூணு நாள் கேமரா இல்லாம போய் உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காருங்க."

வேதநாயகம் அரை நாள் உட்கார்ந்தார். அந்த அரை நாளிலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவருக்குச் சந்தோஷம். கிழக்குப் பக்கம் தாழ்ந்து தொங்கும் ஒரு கொப்புதான் எல்லாவற்றையும் மறைக்கிறது. அது இல்லாவிட்டால் காலை வெயில் நேரே உள்ளே போகும். உள்முள் அத்தனையும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு போனார். சர்வேயருக்கு இது ஒரு காரியமே இல்லை. அளக்கும் கருவிக்கும் அந்தக் கடைசியில் கொடி பிடித்து நிற்பவனுக்கும் நடுவே எது நின்றாலும் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் அவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். முப்பது வருடம் அப்படிப் பழகிய கை. இரண்டே வெட்டில் கொப்பு விழுந்தது. அதை இழுத்து ஓரமாகப் போட்டார். படம் எடுத்தார். ஒன்பது மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

இரண்டு வருடம் காத்துக் கிடந்த சொல். வேதநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். முள், இன்னும் முள், அதற்கும் உள்ளே நாரும் பஞ்சும் வைத்துப் பின்னிய ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் திறந்த வாய்கள் மூன்று.

"இது என்ன அண்ணாச்சி?"

வேதநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் எடுத்த படம்தான். ஆனால் எடுக்கும்போது அது அவர் கண்ணில் படவே இல்லை.

"கீச்சான் குருவிக் கூடு மாதிரி தெரியுது."

"கீச்சான் இப்படி வெட்டவெளியில கட்டாதே. முன்னால ஏதோ மறைப்பு இருந்திருக்கணும்."

வேதநாயகம் தரையைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு வெட்டுனீங்க?"

"ஆறரை இருக்கும்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வேதநாயகத்துக்குத் தோன்றியது.

"வண்டிய எடுங்க," என்றார் டீச்சர்.

பதினோரு கிலோமீட்டர். வெயில் ஏறிவிட்டது. தேரிக்குள் திரும்பியதும் பின் டயரில் முள் ஏறி வண்டி ஆட ஆரம்பித்தது. வேறு நாளாக இருந்தால் வேதநாயகம் இறங்கி அந்த முள்ளின் வம்சத்தையே இழுத்துத் திட்டியிருப்பார். இன்றைக்கு வண்டியை மணலில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். டீச்சர் அவருக்கு முன்னால் ஓடினார்.

தூரத்திலேயே கீச்சானின் கத்தல் கேட்டது. மரத்தில் இரண்டு காகங்கள் இருந்தன. ஒன்று எதையோ கவ்விக்கொண்டு பனைகளின் பக்கம் பறந்தது. மற்றது அசையவில்லை. சின்னக் குருவி அதன் தலையை உரசிக்கொண்டு திரும்பத் திரும்பப் பாய்ந்தது.

டீச்சர் ஒரு செருப்பைக் கழற்றி வீசினார். காகம் சாவகாசமாக எழுந்து எதிர்ப் பனையில் போய் உட்கார்ந்தது.

"கொப்பு எங்க?"

போட்ட இடத்திலேயே கிடந்தது. இலையெல்லாம் சுருண்டிருந்தது.

"தூக்குங்க. எங்க இருந்துச்சோ அங்கேயே வைக்கணும்."

வேதநாயகம் தூக்கினார். உள்ளங்கையில் ஒரு முள் இறங்கியது, மணிக்கட்டில் இரண்டு. கொப்பு இருந்த இடமும் சாய்வும் அவருக்கு மறக்கவில்லை. அளந்து பழகிய கண் ஆயிற்றே. வெட்டுவாயோடு வெட்டுவாய் பொருத்தி நிறுத்தினார். அப்போது கூடு அவர் முகத்துக்கு நேராக வந்தது.

உள்ளே இரண்டு குஞ்சுகள்தான் இருந்தன. இறகு முளைக்காத சிவந்த உடம்பு. வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"டீச்சர், மூணு இருந்துச்சு."

"கட்டுங்க."

"கயிறு இல்லையே."

டீச்சர் அவர் கழுத்தில் தொங்கிய கேமராவின் வாரைக் கழற்றி நீட்டினார். வேதநாயகம் வாரை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். இறுக்க இறுக்க இன்னும் முள் ஏறியது. கையை இழுக்கத்தான் உடம்பு சொன்னது. அவர் இழுக்கவில்லை. முடிச்சுப் போட்டு முடித்தபோது சட்டைக் கையெல்லாம் ரத்தம்.

"வெட்டுன கொப்பு டீச்சர். ரெண்டு நாள்ல காஞ்சிருமே."

"இலைதான் போகும். முள்ளு காஞ்சா இன்னும் கெட்டிப்படும். வாங்க, நாம நிக்கிற வரைக்கும் தாய் வராது."

இருவரும் ஐம்பதடி தள்ளி ஒரு பனைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

தாய்க் குருவி ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு வந்தது. மரத்தின் உச்சியில் உட்கார்ந்தது, கொப்பைப் பார்த்தது, பறந்து போய்விட்டது. திரும்பவும் வந்து திரும்பவும் போனது. வெட்டுக்கிளி இன்னும் அதன் அலகிலேயே இருந்தது.

வேதநாயகத்துக்குப் பயமாக இருந்தது. ஆயிரம் ஏக்கரைக் கூறுபோட்டவர், எத்தனையோ பெரிய மனிதர்கள் மிரட்டியபோதும் அசராதவர், ஒரு குருவி உள்ளே போகுமா போகாதா என்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மன்னிச்சிருங்க டீச்சர்."

"எங்கிட்ட எதுக்கு?"

வேதநாயகம் மரத்தின் பக்கம் திரும்பினார்.

எதிர்ப் பனையில் இருந்த காகம் இறங்கி வந்தது. முன்பு உட்கார்ந்த அதே கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து மறுபடி பார்த்தது. வேதநாயகம் எழுந்திருக்கப் போனார். டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"இப்ப நீங்க போனா தாய் இன்னைக்கு வராது."

"அது கொத்திரும் டீச்சர்."

"உக்காருங்க."

காகம் கொப்புக்குள் அலகை நீட்டியது. சட்டென்று பின்வாங்கித் தலையை உதறியது. இன்னொரு பக்கம் போய் எட்டிப் பார்த்தது. மரத்தைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தது. பிறகு இவ்வளவு நேரம் எதற்கு இங்கே இருந்தோம் என்பது மறந்துபோன மாதிரி தேரியைத் தாண்டிப் பறந்தது.

வேதநாயகம் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது உச்சியில் குருவி இல்லை. கொப்புக்குள் ஏதோ அசைந்தது. மெல்லிய கீச்சொலி இரண்டு குரலில் கேட்டது, அப்புறம் அடங்கியது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையின் ரத்தம் முகத்தில் ஒட்டியது. டீச்சர் அதைப் பார்த்தார். கேமராவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இப்ப எடுங்க."

வார் இல்லாத கேமராவை வேதநாயகம் இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனார். மேலே தேடினார், கீழே தேடினார். முள்ளும் வாடிய இலையும்தான் இருந்தன.

"ஒண்ணுமே தெரியல டீச்சர்."

"காக்காவுக்கும் தெரியல அண்ணாச்சி. எடுங்க."