பதினேழாம் எண் தாள்

வீட்டுக்குள் பூட்டி வைத்த ஒரு செய்தி, பூட்டு உடையாமல் தென்காசி வரை போகுமா? போனது. அதுதான் வழக்கு. விவரம் முழுக்கச் சொல்கிறேன், கேட்டுவிட்டு ஆளைக் கைகாட்டுங்கள்.

பாளையங்கோட்டையில் திருமகள் என்றொரு பெண். அவளுடைய அக்கா ஆவுடைக்கு இரண்டு கண்ணிலும் அபூர்வமான ஓர் அழற்சி. விழித்திரைக்குப் பின்னால் அரிசி சிந்தியதுபோல வெளிறிய புள்ளிகள். வெளிச்சம் கூசும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வாசலுக்கு வரமாட்டாள். இந்த நோய் கண்டவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் ஏ-29 என்ற மரபணுக் குறி இருக்கும். அதற்காக, குறி இருப்பவர்களுக்கெல்லாம் நோய் வந்துவிடுமா? ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது. ஊரில் யார் காதிலாவது இந்த இரண்டாவது பாதி ஏறியதுண்டா?

ஆராய்ச்சிக்காக அக்கா, தங்கை இருவரிடமும் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவுத் தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆவுடை பதினேழு, திருமகள் பதினெட்டு. ஆவுடை தன் தாளைப் படித்தாள்: குறி உண்டு. திருமகள் "எனக்குத் தெரியவே வேண்டாம்" என்று சொல்லி, ஸ்டேப்ளர் பின் அடித்த கவரை அப்படியே பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள்.

அந்தச் சமயத்தில் தென்காசியிலிருந்து வரன் வந்தது. பையன் குணசீலன். திருமகளுக்கும் பிடித்துப்போயிற்று. மூத்தவளுக்கு என்ன என்று அவர்கள் கேட்டதற்கு, "தூசி அலர்ஜி" என்று சொல்லிவைத்தார் அப்பா நெல்லையப்பன். அதோடு விட்டாரா?

"நிச்சயத்தன்னைக்கு நீ உள்ளேயே இருந்துக்கோம்மா."

"நான் என்னப்பா, ஒளிச்சு வைக்கிற சாமானா?" என்றாள் ஆவுடை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது.

ஜாதகம் நகலெடுக்க அப்பா ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார். மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல், அது இல்லாமலே போனார். மதுரை டாக்டருக்கு அனுப்பத் தன் தாளையும் ஒரு காப்பி எடுத்துவரச் சொன்னாள் ஆவுடை. திரும்பி வந்தவர் அசலைக் கொடுத்தார். காப்பி எங்கே என்றதற்கு, "கடையிலேயே விட்டுட்டேன் போல" என்றார். பிறகு சாமி முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் தாள்களின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, கவரில் போட்டு ஒட்டி, தரகர் பால்வண்ணனிடம் கொடுத்தார்.

எட்டாம் நாள் குணசீலனின் அம்மா செண்பகம் வந்து உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. மூலை மஞ்சளித்த ஒரு தாளை நீட்டினார்.

"பதினேழாம் நம்பர், ஏ இருபத்தொம்பது உண்டுன்னு போட்டிருக்கு. பொண்ணுக்குக் கண்ணு போயிருமாமே? மறைச்சிட்டியளே அண்ணாச்சி! வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க. இல்லைன்னா நிச்சயம் கிடையாது."

திருமகளுக்குக் காணும் முகமெல்லாம் கள்ள முகமாகத் தெரிந்தது. ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தாள். கவரில் அடித்த ஸ்டேப்ளர் பின் பிரியாமல் அப்படியே இருந்தது. பால்வண்ணனைப் பிடித்தாள். "ஒட்டுன கவரைப் பிரிச்சேன்னு தெரிஞ்சா, அப்புறம் எவன்மா எனக்கு ஜாதகம் தருவான்?" என்றார் அவர். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த மெர்சிக்குப் போன் போட்டாள். மெர்சிக்குத் தென்காசிதான் சொந்த ஊர். "உன்னைக் காட்டிக் கொடுக்கணும்னா பதினெட்டையில்லா கொடுத்திருப்பேன்? யார் எந்த நம்பர்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் மெர்சி. அதுவும் நியாயம்தானே?

மிச்சம் ஒருத்திதான். தாள் அவளுடையது, கோபமும் அவளுடையது.

"நீதானேக்கா?"

ஆவுடை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணில் நீர் வழிந்தது. கூச்சத்தினாலா, வேறெதனாலா என்று யார் சொல்வது? "இப்பக் கேளுட்டி, என் கண்ணைப் பாத்துக் கேளு."

திருமகளால் முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆவுடை பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றுக்குப் போகப் பையைக் கட்டிவிட்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தத் தாளைத் தென்காசிக்கு அனுப்பிய கை யாருடையது? பை வாசலைத் தாண்டுவதற்குள் சொல்ல வேண்டும்.

விடை: அப்பாவின் கை. காட்டிக் கொடுக்க நினைக்கிறவர் யாராவது தாளுக்கு மஞ்சள் தடவுவாரா? கடையில் விட்டதாகச் சொன்ன காப்பி ஜாதகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கண்ணாடி இல்லாதவர் அதற்கும் பக்தியாக நான்கு மூலை தடவி அனுப்பிவிட்டார். எண்ணை மட்டும் கண்டவர்கள் அது கல்யாணப் பெண்ணுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் மூலை நினைவுக்கு வந்ததும் திருமகள் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினாள். "அக்கா, ரெண்டு அடி வேணும்னாலும் அடி. போகாதே" என்றாள். பிறகு அவளே தென்காசிக்குப் போன் செய்தாள்: "அத்தை, அது அக்காவோட தாள். அவளுக்கு இருக்கிறது தூசி அலர்ஜி இல்லை, அப்பா சொன்னது பொய். என் கவரை நான் பிரிக்கலை, பிரிக்கவும் மாட்டேன். இந்தக் குறி யாருக்கும் இருக்கலாம், உங்க மகனுக்கும்தான். பார்க்கணும்னா அவரும் ரத்தம் கொடுக்கட்டும், ரெண்டு கவரையும் சேர்த்துப் பிரிப்போம். அப்புறம் ஒண்ணு, நிச்சயத்தன்னைக்கு எங்கக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு முன்னாலதான் உட்காருவா." "அவனைக் கேட்டுச் சொல்லுதேன்" என்றார் செண்பகம். பெண்ணின் ரத்தம் என்றபோது யாரையும் கேட்கத் தோன்றாதவர்!